மடிக்கணினி ஹேக்கின்டாஷ்: சிஎஃப்ஜி லாக்கை பயாஸில் திறப்பதா, கெர்னலில் சமாளிப்பதா?

மின்கலம்:
ஐ5-8250யூ செயலி கொண்ட மடிக்கணினியில் ஓபன்கோர் என்ற பூட்லோடர் வழியாக மேக்ஓஎஸ் நிறுவி, அதை ஹேக்கின்டாஷ் (மேக்ஓஎஸ் ஓடும் ஆப்பிள் அல்லாத கணினி) ஆக்கியுள்ளேன். செயலியின் மின் மேலாண்மைப் பதிவகம் ஒன்றில் எழுதவிடாமல் பூட்டும் சிஎஃப்ஜி லாக்கை நீக்கும் தெரிவு பயாஸ் திரையில் இல்லாததால் ஆப்பிள்எக்ஸ்சிபிஎம்சிஎஃப்ஜிலாக் என்ற குவிர்க்கை (மேக்ஓஎஸின் மையமான கெர்னலில் ஓபன்கோர் செய்யும் சிறு திருத்தம்) இயக்கிவிட்டு, மேக்ஓஎஸின் செயலி மின் மேலாண்மையைச் செயல்படுத்தும் எஸ்எஸ்டிடி-பிளக் கோப்பைச் சேர்த்தேன். மின் மேலாண்மைக்கு இதுவே போதும் என்பது என் உறுதியான கருத்து.

பட்டறை:
எனக்கு இதில் உடன்பாடில்லை, நண்பரே. அந்தப் பூட்டு என்பது செயலியின் எம்எஸ்ஆர் ஈ2 பதிவகத்தின் 15ஆம் பிட்; அது 1 ஆக இருந்தால், கெர்னல் அதில் எழுத முயலும்போது செயலி மறுத்துவிடுகிறது. உடனே கெர்னல் பேனிக் வருகிறது, அதாவது கெர்னல் முடங்கிக் கணினி நின்றுவிடுகிறது. நீங்கள் சொல்லும் குவிர்க், எழுதும் அந்தக் கட்டளையைக் கெர்னலிலிருந்து அகற்றுகிறதே தவிர பூட்டைத் திறப்பதில்லை. ஆப்பிள் அந்த நிரல் பகுதியை மாற்றினால், அடுத்த அப்டேட்டுக்குப் பிறகு கணினி பூட் ஆகாமல் நிற்கக்கூடும். இயன்றவரை இதைத் தவிர்க்குமாறு ஓபன்கோர் ஆவணமே கூறுகிறது.

மின்கலம்:
"இயன்றவரை" என்ற சொல்லைக் கவனியுங்கள். மறைந்திருக்கும் அமைப்பை மாற்றியமைத்த கிரப் என்ற பூட் கருவி மூலம் திருத்தும்போது, அந்த அமைப்பு இருக்கும் இடத்தைக் காட்டும் ஆஃப்செட் எண் பயாஸின் பதிப்புக்குப் பதிப்பு மாறுகிறது. என் முந்தைய மடிக்கணினியில், அதே மாடல் வைத்திருந்த ஒருவர் பகிர்ந்த எண்ணை நம்பி எழுதினேன். விசிறி சுழன்றது, திரை மட்டும் ஒளிரவில்லை. அடிமூடியைக் கழற்றி, எட்டுக்கால் பயாஸ் சிப்பில் கிளிப்பை மாட்டி, புரோகிராமரால் மீண்டும் எழுதிய பிறகே அது உயிர்பெற்றது. மேலும், செயலியின் வேகத்தை ஈ2 தீர்மானிப்பதில்லை. எஸ்எஸ்டிடி-பிளக் வந்த பின் இன்டெலின் அளவீட்டு மென்பொருளான பவர் கேஜெட்டில் வேகம் ஓய்வில் 0.8 கிகாஹெர்ட்ஸுக்கு இறங்குவதையும், சுமையில் 3.4 வரை ஏறுவதையும் கண்ணால் பார்த்தேன்.

பட்டறை:
வேகத்தைப் பற்றி நீங்கள் சொல்வது சரி, அதை ஏற்கிறேன். ஆனால் செயலித் தொகுப்பு எவ்வளவு ஆழமான சி-நிலைக்கு (ஓய்வில் மின்சாரத்தைச் சேமிக்கும் உறக்க நிலை) போகலாம் என்ற வரம்பு ஈ2-இல்தான் இருக்கிறது, பூட்டியிருக்கும்வரை பயாஸ் வைத்த வரம்பே நிலைக்கும். பேட்டரியில் இயங்கும் கருவிக்கு இது சிறிய விஷயமன்று. எண்ணைப் பிறரிடம் வாங்காமல், உங்கள் பதிப்பின் பயாஸ் கோப்பையே பயாஸ் கோப்புகளைப் பிரித்துப் பார்க்கும் யூஇஎஃப்ஐடூல் மென்பொருளில் திறந்து, அமைப்புப் பகுதியைப் பிரித்து, சிஎஃப்ஜி லாக் வரியில் உள்ளதை மட்டுமே எடுங்கள்.

மின்கலம்:
பயாஸ் வைத்த வரம்பே ஏற்கெனவே ஆழமானதாக இருந்தால் திறப்பதால் கிடைக்கும் லாபம் என்ன? முதலில் அந்த மதிப்பைப் படித்துப் பார்க்கிறேன். அதுவரை குவிர்க்கை எடுக்கமாட்டேன். ஒவ்வொரு அப்டேட்டுக்கும் முன்பு புதிய ஓபன்கோரை யூஎஸ்பியில் பூட் செய்து சோதித்துக்கொள்கிறேன்.