பிரித்தானியப் பாஸ்போட்: லண்டன் – பாரிஸ் – மட்டக்களப்பு, திகதி காணுமா?

களுவாஞ்சிக்குடியான்:
லண்டனில இருக்கிற அக்காவும் பிள்ளைகளும் (9, 14 வயது) 2026 ஜூலை 25 பாரிஸ் போய், மாமி வீட்ட ரெண்டு கிழமை நிண்டு, ஓகஸ்ட் 8 கட்டுநாயக்க வந்து, மட்டக்களப்பு மாமாங்கக் கோயில் தீர்த்தத்துக்கு நிக்கப் போறாங்க. அக்காட பாஸ்போட் 2016 ஜூலை 20 எடுத்தது, 2027 மார்ச் 20 முடியுது. மூண்டு பேரிட்டயும் பிரித்தானியப் பாஸ்போட் மட்டும்தான். என்ன விசா வேணும்?

கல்லடிப்பாலம்:
விசா கிடக்கட்டும் தம்பி, பாரிஸ் பயணமே சிக்கல். பாஸ்போட்டில படம் உள்ள பக்கத்தில எல்லாரும் முடியிற திகதியத்தான் பாக்கிறது. எடுத்த திகதிதான் மாட்டிவிடும். செங்கன் நாட்டுக்குள்ள (பிரான்ஸ் மாதிரி, ஒரே எல்லை விதியில உள்ள ஐரோப்பிய நாடுகள்) நுழையிற அண்டைக்கு பாஸ்போட் எடுத்து 10 வருசம் தாண்டியிருக்கக் கூடாது. 2018 செப்டெம்பருக்கு முன்ன புதுப்பிச்சவங்களுக்கு, பழையதில மிஞ்சின காலத்த 9 மாதம் வரைக்கும் புதுசில கூட்டிக் குடுத்தாங்க. அக்காட மேலதிக 8 மாதம் அதுதான். 25ம் திகதி லண்டனிலயே ஏத்த மாட்டாங்க. செங்கன விட்டு வெளிக்கிட்ட பிறகு 3 மாதம் செல்லுபடியா இருக்க வேணும் எண்டது வேற விதி, அது அவவுக்குச் சரி.

வேடிக்கை என்னண்டா, இதே பாஸ்போட் இலங்கைக்குக் காணும். இங்க வந்திறங்கிற நாளில இருந்து 6 மாதம் இருந்தாப் போதும்.

மருதமுனை:
பாஸ்போட்டப் புதுப்பிச்ச பிறகுதான் இலங்கைக்கு ஈடிஏ (வர முதல் இணையத்தில எடுக்கிற பயண அனுமதி) போடச் சொல்லுங்க. அது பாஸ்போட் நம்பரோட கட்டுப்பட்டது. முதல்ல போட்டா மறுகா போட வேண்டி வரும். பழைய பாஸ்போட்ட அனுப்பித்தான் புதுசு எடுக்கிறது, வழமையா 3 கிழமை போகும், அதுக்குள்ள வேற பயணம் வைக்கக் கூடாது.

பிரான்சுக்கு விசா தேவையில்ல: எந்த 180 நாளிலயும் 90 நாள். போற நாளும் வாற நாளும் கணக்கு. சுவிஸ், ஜேர்மனியில நிண்டதும் இதுக்குள்ளதான். அயர்லாந்தும் சைப்பிரசும் சேராது. பாஸ்போட்டில குத்துற முத்திரைக்குப் பதிலா இப்ப ஈஈஎஸ் எண்ட கணினிப் பதிவு: முகப்படம், விரல் அடையாளம். 12 வயசுக்குக் குறைஞ்சவங்களுக்குப் படம் மட்டும். யூரோஸ்டார் ரயில் எண்டா இத லண்டன் ஸ்டேசனிலயே எடுப்பாங்க, நேரத்தோட போகச் சொல்லுங்க.

களுவாஞ்சிக்குடியான்:
பிள்ளைகளுக்கும் ஈடிஏ தனித்தனியா?

கல்லடிப்பாலம்:
ஓம், அம்மா மட்டக்களப்பில பிறந்தவ எண்டாலும் பாஸ்போட்டுக்கு ஒண்டு. 30 நாள் தருவாங்க, கூட நிண்டா நீடிக்கலாம். குடிவரவுத் திணைக்களத்தின்ர தளத்திலயே போடுங்க. கூகுளில மேல வாற விளம்பரத் தளங்கள் அதே வேலைக்குக் கூடுதல் காசு அடிக்கும். பேர பாஸ்போட்டில உள்ளபடியே எழுதுங்க. நம்மட ஆக்களுக்கு அப்பாட பேர் எந்தக் கட்டத்தில போகுது எண்டதிலதான் பிழைக்கிறது.