மறு: கலைச்சொல் வேண்டும் – துப்பாக்கிக் கட்டையில் அடித்த பெயின்ட் ‘காய்ந்த’ பிறகு நடப்பதற்கு

குழும அன்பர்களுக்கு வணக்கம்.

போன வாரம் நான் கேட்டது ஒரே ஒரு சொல்: பெயின்ட் மேலே காய்ந்த பிறகும் உள்ளே மெல்ல மெல்லக் கெட்டிப்படுவதற்கு. வந்து குவிந்தவை பதினொன்று. அத்தனை பேருக்கும் தனித்தனியாகப் பதில் எழுத முடியவில்லை, மன்னிக்கவும். புதிதாகச் சேர்ந்தவர்களுக்காகக் கதையை முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன்.

நான் இருப்பது பென்சில்வேனியாவில் ஒரு சிற்றூர். பக்கத்து வீட்டுப் பெரியவர் வாலிப வயதிலிருந்தே மான் வேட்டைக்குப் போகிறவர். அவரிடம் ரெமிங்டன் 700 என்ற வேட்டைத் துப்பாக்கி ஒன்று இருக்கிறது. அதன் கட்டை (குழலைத் தாங்கும், தோளில் வைத்துப் பிடிக்கும் உடம்பு) மரமல்ல, கறுப்பு பிளாஸ்டிக். மழையில் ஊறாது, வெயிலில் வளையாது. ஆனால் பார்க்க பக்கெட்டை உருக்கிச் செய்தது போலிருக்கும். அதற்கு வீட்டிலேயே பெயின்ட் அடிக்க வேண்டும் என்று அவருக்கு ஆசை. ஸ்பிரே டப்பாவைக் குலுக்கிக் கொடுக்கும் எடுபிடி வேலை எனக்கு. அந்த அனுபவத்தைத் தமிழில் எழுத உட்கார்ந்தால் இரண்டாவது வரியிலேயே சிக்கிக்கொண்டேன். அந்தக் ‘கறுப்பு பிளாஸ்டிக் உடம்பை’ என்னவென்று எழுதுவது?

‘துப்பாக்கிக் கட்டையால் அடித்தார்’ என்று நாம் செய்தித்தாளில் படித்துப் பழகியவர்கள். ஆகவே கட்டை என்றே எழுதினேன். உடனே ஒரு நண்பர் மடக்கினார்:

> கட்டை என்றாலே மரம்தானே? பிளாஸ்டிக்கில் வார்த்ததை எப்படிக் கட்டை என்பது?

நியாயமான கேள்விதான். ஆனால் ஆங்கிலத்தில் இதற்கு வழங்கும் ‘ஸ்டாக்’ என்ற சொல்லுக்கும் பழைய பொருள் அடிமரம், மரத்துண்டு என்பதே. மரம் போய் நைலான் வந்தது, ஃபைபர்கிளாஸ் வந்தது. பெயரை மட்டும் அவர்கள் மாற்றவில்லை. நாம் மட்டும் ஏன் மாற்ற வேண்டும்? தமிழில் கட்டை எப்போதோ மரத்தை விட்டு வெளியே வந்துவிட்டது. ஐந்து கட்டை சுருதியில் பாடுகிறவர் விறகா பாடுகிறார்? கட்டைவிரலில் எந்த மரம் இருக்கிறது?

அடுத்து, அடைமொழி. ‘நெகிழிக் கட்டை’ என்பதற்கு நிறையப் பேர் கை தூக்கினீர்கள். எனக்கு அதில் ஒரு தடை உண்டு. அமெரிக்க மரைன் படை 1966-இல் எடுத்துக்கொண்ட எம்40 துப்பாக்கிக்கு வால்நட் மரக்கட்டைதான் இருந்தது. வியட்நாமின் ஈரத்தில் அது ஊதி வளைந்து குழலில் இடித்தது, குறி தவறியது. எழுபதுகளில் வந்த எம்40ஏ1-க்கு ஃபைபர்கிளாஸ் கட்டை போட்டார்கள். கண்ணாடி இழையும் பிசினும் சேர்ந்த அதை நெகிழி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 1959-இல் ரெமிங்டன் விட்ட நைலான் 66 என்ற துப்பாக்கியுடையதை வேண்டுமானால் தாராளமாக நெகிழிக் கட்டை எனலாம். அது டூபாண்ட் நிறுவனத்தின் சைடெல் நைலானில் வார்த்தது; பத்து லட்சத்துக்கு மேல் விற்றது. இரண்டையும் சேர்த்துச் சொல்ல ‘செயற்கைக் கட்டை’தான் தோது. செயற்கைக் கால் போல ஒலிக்கிறது என்று ஒருவர் கிண்டலடித்தார். அந்தக் காலத்தில் அதற்குக் கட்டைக்கால் என்று பெயர், ஆக உறவு முறை சரியாகத்தான் இருக்கிறது.

சரி, அது முடிந்தது. எனக்கு உண்மையில் தேவைப்படும் சொல் வேறு என்பது மேற்கொண்டு எழுதிக்கொண்டு போனபோதுதான் தெரிந்தது.

வேலை நடந்த விதம் இது. முதலில் துப்பாக்கிக்குள் தோட்டா இல்லை என்று கண்ணாலும் விரலாலும் பார்த்துவிட்டு, அடியில் இருக்கும் திருகுகளைக் கழற்றி, இரும்பு முழுவதையும் கட்டையிலிருந்து தூக்கி எடுத்துவிட்டோம். பிறகு பாத்திரம் துலக்கும் சோப்பும் வெந்நீரும் போட்டுக் கழுவல். அச்சிலிருந்து எளிதாகக் கழன்று வருவதற்காகத் தடவிய மெழுகுப் பசை புதுக் கட்டையில் இருக்கும். பழைய கட்டையில் துப்பாக்கி எண்ணெய் இருக்கும். இரண்டும் போகாவிட்டால் பெயின்ட் தாமரை இலைத் தண்ணீர்தான். கழுவிய பின் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் போட்டுத் துடைப்பு. அதன்பின் வெறுங்கையால் தொடக் கூடாது.

அப்புறம் உப்புத்தாள். இங்கே ஆங்கிலத்தில் ‘ஸ்கஃப்’ என்று ஒரு குட்டிச் சொல் இருக்கிறது: இழைக்காமல், தேய்த்து எடுக்காமல், பளபளப்பை மட்டும் கொன்று பெயின்டுக்குப் பிடிமானம் தருவது. தேய்மானம் அமெரிக்கர்களுக்குத் தனிச் சொல் கொடுத்தது என்றால், நமக்கு அம்மி கொடுத்திருக்கிறது. வழவழத்துப்போன அம்மியில் தேங்காய் அரைபடாது என்று ஆள் கூப்பிட்டு அம்மி கொத்துவோமே, அதே தத்துவம். ‘கொத்துதல்’ என்று எழுதினால் உளியும் சுத்தியும் கண்ணில் வருகிறது. அதனால் ‘சொரசொரப்பாக்குதல்’ என்று எழுதிவிட்டேன். நீளம்தான், யாருக்கும் விளங்காமல் போகாது.

பாலிபுரொப்பிலீன் போன்ற பிளாஸ்டிக்கில் உப்புத்தாள் மட்டும் போதாது. முதலில் ஒரு திரவத்தை மெல்லிசாக அடிக்க வேண்டும். அதற்கு ‘ஒட்டூக்கி’ என்றும் ‘பற்றூட்டி’ என்றும் இரண்டு பரிந்துரைகள் வந்தன. பெயின்டர் யாராவது ‘பெயின்ட் பற்றவில்லை’ என்று சொல்லிக் கேட்டதுண்டா? ‘பிடிக்கவில்லை’ என்பார். எனவே பிடிப்பூட்டி. சுவையூட்டி, நிறமூட்டி, குளிரூட்டி வரிசையில் இயல்பாக உட்காருகிறது.

தோளில் படும் ரப்பரை நாடா ஒட்டி மறைத்தோம். குழல் படுக்கும் பள்ளத்தையும் இரும்பு உட்காரும் இடத்தையும் அடைத்தோம். அங்கே பெயின்ட் தடித்தால் குழலும் கட்டையும் உரசிக் குறி மாறும். குழலுக்கும் கட்டைக்கும் நடுவே ஒரு டாலர் தாள் தடையில்லாமல் போய் வர வேண்டும். அடியில் மண் நிறம். அதன்மேல் துணி துவைக்கும் வலைப்பையை இழுத்துக் கட்டிப் பச்சையும் பழுப்பும். வலையை எடுத்ததும் பாம்புச் சட்டை போல் செதில் செதிலாக விழுந்தது பாருங்கள், பெரியவர் குழந்தை மாதிரி சிரித்தார்.

(இடையில் ஒன்று. இந்த மாநிலத்தில் துப்பாக்கியோடு மான் வேட்டைக்குப் போகிறவர் தலை, மார்பு, முதுகு எல்லாம் சேர்த்து 250 சதுர அங்குலம் ஒளிரும் ஆரஞ்சு அணிய வேண்டும் என்பது சட்டம். மனிதர் ஆரஞ்சில் எரிகிறார், துப்பாக்கி மட்டும் புதருக்குள் ஒளிகிறது. ‘மானுக்கு ஆரஞ்சு தெரியாது’ என்றார். அது உண்மைதான். அப்படியானால் கட்டைக்கு எதற்கு இலைதழை நிறம் என்று நான் கேட்கவில்லை.)

இப்போது கெட்டுப்போன இடத்துக்கு வருகிறேன். வேட்டைப் பருவம் முன்பெல்லாம் தேங்க்ஸ்கிவிங்குக்கு அடுத்த திங்களன்று தொடங்கும். 2019-இலிருந்து சனிக்கிழமையே தொடங்கிவிடுகிறது. நாங்கள் புதன் மாலை அடித்தோம். கராஜில் நல்ல குளிர். 50 பாரன்ஹீட்டுக்குக் கீழே அடிக்காதே என்று டப்பாவிலேயே போட்டிருந்தது. வியாழன் காலை தொட்டுப் பார்த்தேன், விரலில் ஒட்டவில்லை. ‘காய்ந்துவிட்டது’ என்று நானே தீர்ப்புச் சொன்னேன். வெள்ளி மாலை இரும்பைப் பூட்டி, பஞ்சு மெத்தை வைத்த பெட்டியில் படுக்க வைத்து மூடினோம். சனிக்கிழமை விடியுமுன் திறந்தால், அந்தப் பஞ்சின் மேடுபள்ளம் வரிசை வரிசையாகக் கட்டையில் பதிந்திருக்கிறது, பணியாரக்கல்லில் அழுத்தி எடுத்த மாதிரி.

தவறு பெயின்டுடையது அல்ல, ‘காய்ந்துவிட்டது’ என்ற என் சொல்லுடையது. டப்பா இரண்டு காலம் சொல்கிறது. கையில் ஒட்டாமல் போக நிமிடக் கணக்கு. முழு வலு வர 7 நாள். முதலாவதில் கரைப்பான் ஆவியாகிறது. இரண்டாவது, எனாமல் வகையில், காற்றிலிருக்கும் ஆக்சிஜனை எண்ணெய்ப் பகுதி வாங்கிக்கொண்டு ஒன்றோடொன்று பின்னுவது. குளிரில் அந்தப் பின்னல் ஆமை வேகம். ஆங்கிலத்தில் முன்னதற்கு ‘டிரை’, பின்னதற்கு ‘க்யூர்’. நம்மிடம் இரண்டுக்கும் ‘காய்தல்’ ஒன்றே. அகராதிகளில் ‘பதப்படுத்தல்’ கிடைக்கிறது. அது தோலுக்கும் மீனுக்கும் சரி, பெயின்டை யாரும் பதப்படுத்துவதில்லை. அது தானாக நடப்பது.

என் பரிந்துரை: முற்றுதல். நெல் முற்றும், தேங்காய் முற்றும், மூங்கில் முற்றினால்தான் வெட்டுவோம். ‘பெயின்ட் காய்ந்துவிட்டது, இன்னும் முற்றவில்லை.’ எப்படி?

அன்புடன்,
பென்சில்வேனியாவிலிருந்து

—

டொராண்டோவிலிருந்து:

வணக்கம் அண்ணை. எங்கட ஈழத்துப் பக்கம் ‘துவக்குப் பிடங்கால இடிச்சவன்’ என்றுதான் கதைப்பினம். கோடரிக்கும் பிடங்கு உண்டு. ஆனால் பிடங்கு என்பது தோளில் வைக்கிற பின்பக்கம் மட்டும்தான். கை பிடிக்கிற முன்பக்கம் அதில் சேராது. எனவே முழுவதற்கும் கட்டை, பின்பாகத்துக்குப் பிடங்கு என்று இரண்டையும் வைத்துக்கொள்ளலாம், ஒன்றைத் தள்ளத் தேவையில்லை. இலைதழை நிறத்துக்கு ‘உருமறைப்பு’ என்ற சொல் எங்களிடம் ஏற்கெனவே புழங்கின ஒன்று. நீங்கள் அதைச் சுற்றிச் சுற்றிப் போனது ஏன் என்று விளங்கவில்லை.

‘முற்றுதல்’ எனக்குப் பிடிக்கவில்லை. முத்தல் முருங்கைக்காய், முத்தல் வெண்டிக்காய் என்று சந்தையில் ஒதுக்கி வைக்கிற சொல் அது. காலம் கடந்து கெட்டது என்ற வாடை வருகிறது.

—

திருச்சியிலிருந்து:

ஐயா, நான் தமிழறிஞன் இல்லை, முப்பது வருசமா பெயின்டிங் கான்ட்ராக்ட். எங்கள் ஊரில் துப்பாக்கித் தொழிற்சாலை இருக்கிறது. என் மாமா அங்கே பிட்டர். கட்டைக்கு அவர் வாயில் கடைசிவரை ஆங்கில ‘பட்’தான். ஆகவே துப்பாக்கிப் பக்கம் நான் வரவில்லை.

பெயின்ட் பற்றிச் சொல்கிறேன். இரும்பு கேட்டுக்கு மார்கழியில் எனாமல் அடித்தால் உங்களுக்கு நடந்ததேதான் நடக்கும். மேலே ஆடை கட்டிக்கொள்ளும், உள்ளே பச்சையாக இருக்கும். வீட்டுக்காரர் தொட்டுப் பார்த்துவிட்டு ‘காஞ்சிடுச்சே’ என்பார். நாங்கள் ‘காஞ்சிடுச்சு சார், இன்னும் இறுகல, பூட்டு மாட்டாதீங்க’ என்போம். நகத்தால் அழுத்தித் தடம் விழுந்தால் இறுகவில்லை, விழாவிட்டால் இறுகிவிட்டது. இதற்குப் புதுச் சொல் எதற்கு?

இன்னொரு நண்பர் போன வாரம் விளையாட்டாக ‘வைரம் பாய்தல்’ என்று எழுதியிருந்தார். கட்டை விஷயம் என்பதால் சிரித்தேன்.

—

பென்சில்வேனியாவிலிருந்து:

அம்மா, ஐயா, இருவருக்கும் நன்றி.

பிடங்கை எடுத்துக்கொள்கிறேன். உருமறைப்பையும்தான், அது நினைவுக்கு வராதது என் குறை. கட்டையின் பாகங்களுக்குப் பெயர் தேடும்போது பிடங்கு இல்லாமல் ‘பின்பகுதி’ என்று எழுதி வைத்திருந்தேன், அழித்துவிட்டேன்.

முற்றுதலைக் கைவிட எனக்குக் கொஞ்சம் வருத்தம். முற்றிய தேங்காயைச் சந்தையில் யாரும் ஒதுக்குவதில்லை என்று வாதாடலாம். ஆனால் கையில் பிரஷ் பிடிக்கிறவர் தினம் சொல்கிற சொல் ஒன்று இருக்கும்போது என் சொல்லை முன்னே தள்ளுவது அழகல்ல. ‘இறுகல்’ வெல்கிறது. ஒரு தடை மட்டும் எண்ணிப் பார்த்தேன். சிமென்ட் தண்ணீர் பட்டுக் கெட்டியாகும் முதல் கட்டத்தையும் இறுகல் என்பதுண்டு; அங்கே க்யூரிங் என்பது அதன்பின் நாள்கணக்கில் தண்ணீர் காட்டுவது. ஆக, கொத்தனாரின் இறுகல் முதலில் வருகிறது, பெயின்டரின் இறுகல் கடைசியில் வருகிறது. ஒரே கட்டுரையில் இரண்டும் வந்தால்தான் குழப்பம். துப்பாக்கிக் கட்டையில் சிமென்ட் பூசும் ஆள் வரும்போது பார்த்துக்கொள்வோம்.

இறுகல் என்றதில் இன்னொரு வசதியும் தெரிந்தது. எனாமல் காற்றில் இறுகுகிறது. இரண்டு டப்பா கலந்து அடிக்கும் வகை, உடன் சேர்க்கும் கடினமாக்கியால் இறுகுகிறது. துப்பாக்கிக்கு அடிக்கும் செராகோட் என்ற பூச்சில் ஒரு வரிசையை அடுப்பில் வைத்தாக வேண்டும். இன்னொரு வரிசைக்கு அறைக்காற்றே போதும். காற்றில் இறுகுவது, கலந்து இறுகுவது, சூட்டில் இறுகுவது என்று மூன்றையும் விளக்கமே இல்லாமல் எழுதிவிட முடிகிறது. ‘சூட்டில் முற்றுவது’ என்று எழுதிப் பார்த்தேன், வடை ஞாபகம் வந்தது.

ஆக, கட்டுரையில் அந்த வரி இப்படி நிற்கும்: ‘கையில் ஒட்டாமல் காய நிமிடங்கள் போதும், இறுக 7 நாள். இறுகும்வரை பெட்டியில் வைக்காதீர்கள், கொசு மருந்து தடவிய கையால் தொடாதீர்கள்.’ கொசு மருந்து ஏன் என்று கேட்பீர்கள். கொசுவை விரட்டும் டீட் என்ற ரசாயனம் கலந்த மருந்து இறுகிய பெயின்டையே இளக்கிவிடும், பச்சையாக இருப்பது என்ன ஆகும்?

பெரியவர் கட்டையைத் திரும்ப அடிக்க விடவில்லை. பணியாரக் குழிகள் கைக்கு நல்ல பிடிமானமாம். பிடங்கின் ஒரு மூலையில் மட்டும் என் அவசரத்தால் இன்னொன்றும் நடந்திருக்கிறது: முதல் பூச்சு அரைகுறையாக இருக்கும்போதே இரண்டாவதை அடித்ததில் அடிப்பூச்சு கிளம்பி, பாலாடை சுருங்கினாற்போல் சுருண்டு நிற்கிறது. திருச்சி ஐயா, இதற்கு உங்கள் பக்கம் என்ன சொல்வீர்கள்?