டீசலிலிருந்து பழைய டர்போ பெட்ரோலுக்கு மாறினேன். மேம்பாலம் ஏறும்போது வண்டி வெட்டுகிறது. உதவி தேவை

மயூர்விஹார்வாசி:

எல்லோருக்கும் வணக்கம். தில்லி மயூர் விஹாரில் இருக்கிறேன். வேலை குருகிராமில். போகவர 60, 70 கிலோமீட்டர் ஆகிவிடும்.

அப்பா 2015இல் வாங்கிய ஸ்விஃப்ட் டீசலைத்தான் இத்தனை நாள் ஓட்டினேன். இங்கே டீசலுக்கு 10 வருடம், பெட்ரோலுக்கு 15 வருடம் என்ற கெடு உங்களுக்குத் தெரிந்ததுதான். நடுவில், 2025இல், கெடு தாண்டிய வண்டிக்குப் பெட்ரோல் பங்கில் எண்ணெயே கிடையாது என்றார்கள், பிறகு அதை நிறுத்தி வைத்தார்கள். தினமும் செய்தியைப் பார்த்துப் பயந்துகொண்டே ஓட்ட முடியவில்லை. வேறு மாநிலத்துக்குக் கொண்டுபோக என்ஓசி என்ற தடையில்லாச் சான்று வாங்கி, திருச்சியில் இருக்கும் தம்பிக்கு வண்டியை அனுப்பிவிட்டோம். அது தெருமுனை திரும்பும் வரை அப்பா வாசலிலேயே நின்றார்.

இப்போது வாங்கியிருப்பது 2021 மாடல் ஹேட்ச்பேக். 1.0 லிட்டர், மூன்று சிலிண்டர், டர்போ பெட்ரோல், மேனுவல் கியர். 52,000 கிலோமீட்டர் ஓடியது. வாங்கி மூன்று வாரம்.

40 கிலோமீட்டர் வேகத்தில் நான்காவது, ஐந்தாவது கியரில் போகும்போது ஆக்சிலரேட்டரை அழுத்தினால், டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்குகிற மாதிரி சத்தம் வருகிறது. அது தவிர, மேம்பாலம் ஏறும்போதோ லாரியை முந்தும்போதோ எஞ்சின் வேகம் 2,500 ஆர்பிஎம் தாண்டினால் வண்டி வெட்டுகிறது. நேற்று தௌலா குவான் அருகே எஞ்சின் விளக்கு மினுக்கி, அப்புறம் அணைந்துவிட்டது. மைலேஜ் 10தான். டீசலில் 19 கிடைத்தது.

பக்கத்து ஒர்க்‌ஷாப்பில் டர்போ போய்விட்டது, மாற்ற வேண்டும் என்று பெரிய தொகை சொல்கிறார்கள். சேமிப்பையெல்லாம் போட்டு வாங்கிய வண்டி. தூக்கமே வரவில்லை.

கரோல்பாக் மெக்கானிக்:

மேடம், டர்போவுக்கு இப்போது காசு கொடுக்க வேண்டாம். ஸ்கேனர் போட்டார்களா? என்ன கோடு, அதாவது கோளாறுக் குறியீடு, வந்தது? ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது சைரன் மாதிரி ஊளைச் சத்தமோ, சைலன்சரில் நீலப் புகையோ உண்டா?

மயூர்விஹார்வாசி:

போட்டார்கள் அண்ணா. பி0302 என்று சீட்டில் எழுதியிருக்கிறது. ஊளையும் இல்லை, புகையும் இல்லை.

கரோல்பாக் மெக்கானிக்:

அந்தக் கோடு சொல்வது இரண்டாவது சிலிண்டரில் மிஸ்ஃபயர். அந்தச் சிலிண்டரில் பெட்ரோல் ஒழுங்காகப் பற்றவில்லை. டர்போ போனால் வண்டி இழுக்காது, சோம்பிப்போகும். இப்படி வெட்டி வெட்டிப் போகாது.

ஏன் ஏற்றத்தில் மட்டும் என்று கேட்பீர்கள். டர்போ காற்றை அமுக்கி உள்ளே தள்ளும்போது சிலிண்டரில் அழுத்தம் கூடுகிறது. அந்த அழுத்தத்தில் பிளக் முனையில் பொறி தாண்ட அதிக வோல்டேஜ் வேண்டும். தேய்ந்த பிளக்கில் இடைவெளி அகன்றிருக்கும். சும்மா போகும்போது சமாளித்துவிடும், பூஸ்ட், அதாவது டர்போ தள்ளும் காற்றின் அழுத்தம், ஏறினதும் பொறி அணைந்துபோகும். டீசலில் பிளக்கால் பொறி வைக்கிற வேலையே இல்லாததால் இந்தத் தொல்லை உங்களுக்குப் புதிது.

செலவில்லாத ஒரு சோதனை இருக்கிறது. பிளக்குக்கு வோல்டேஜ் கொடுப்பது காயில். இரண்டாவது சிலிண்டர் காயிலைக் கழற்றி மூன்றாவதில் போடச் சொல்லுங்கள், மூன்றாவதை இரண்டாவதில். கோடை அழித்துவிட்டு அதே மேம்பாலத்தில் ஏறுங்கள். பி0303 என்று மாறினால் காயில் கெட்டிருக்கிறது. பி0302 அப்படியே இருந்தால் அடுத்து பிளக், அதற்கு அடுத்து இன்ஜெக்டர், கம்ப்ரெஷன்.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். எஞ்சின் விளக்கு மினுக்கும்போது ஆக்சிலரேட்டரை விட்டு, ஓரம் கட்டுங்கள். எரியாத பெட்ரோல், புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டருக்குள் போய் எரிந்து அதை உருக்கிவிடும். அது பிளக்கைப் போல நூற்றுக்கணக்கில் முடிகிற செலவில்லை.

நொய்டா பயணி:

அக்கா, நானும் டீசலிலிருந்து வந்தவன். அந்தக் கூழாங்கல் சத்தம் தனி விஷயம், அதற்குக் காரணம் நம் கால்தான்.

உங்கள் பழைய ஸ்விஃப்ட் 2,000 ஆர்பிஎம்மில் 190 என்எம் இழுவை (டார்க்) கொடுக்கும். 1,300இல் ஐந்தாவது கியரில் அழுத்தினாலும் முனகிக்கொண்டே இழுத்துவிடும். டீசலில் காற்றை மட்டும் அமுக்கி, கடைசி நேரத்தில்தான் எண்ணெயைப் பீய்ச்சுகிறார்கள். முன்கூட்டிப் பற்ற உள்ளே எதுவும் இருக்காது. பெட்ரோலில் கலவை பொறிக்கு முன்பே உள்ளே காத்திருக்கிறது. ஆர்பிஎம் குறைவு, பாரம் அதிகம் என்றால் அது தானாகப் பற்றிக்கொள்ள நேரம் கிடைக்கிறது. நேரடி இன்ஜெக்ஷன் டர்போவில் ஆயில் துளி, கரிப் படிவு போன்றவை பொறிக்கு முன்பே பற்றி, பிஸ்டனையே உடைத்த கதைகள் உண்டு. அதனால் 1,800க்குக் கீழே இருக்கும்போது அழுத்தாதீர்கள். ஒரு கியர் இறக்கிவிட்டு அழுத்துங்கள். எஞ்சின் கத்துகிறதே என்று முதலில் மனசு பதறும். பதற வேண்டாம், அது அப்படி ஓடத்தான் செய்யப்பட்டது.

ஆயிலையும் உடனே மாற்றுங்கள், முந்தைய சொந்தக்காரர் என்ன ஊற்றினாரோ. டப்பாவில் ஏபிஐ எஸ்பி என்று இருக்க வேண்டும். இந்த முன்கூட்டிப் பற்றும் கோளாறை மனதில் வைத்து 2020இல் வந்த தரம் அது. உங்கள் கையேடு சொல்கிற பிசுக்கு அளவும் பொருந்த வேண்டும். டீசலுக்கு வாங்கி மீந்த ஆயிலை ஊற்றிவிடாதீர்கள்.

துவாரகா தமிழன்:

மைலேஜ் குறைவுக்கு எத்தனால் கலந்த ஈ20 பெட்ரோல்தான் காரணம் என்பேன். 2021 வண்டி அதற்காக வந்ததில்லை.

நொய்டா பயணி:

பங்கு உண்டு சார், ஆனால் அவ்வளவு இல்லை. எத்தனாலில் பெட்ரோலைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு சக்தி குறைவு. ஐந்தில் ஒரு பங்கு கலந்தால் நூற்றுக்கு ஆறு, ஏழு குறையும். 19லிருந்து 10க்கு இறங்காது. லிட்டருக்கு டீசலில் சக்தி அதிகம், ஆஷ்ரம் சௌக் நெரிசலில் பெட்ரோல் கூடுதலாகக் குடிக்கும், மேலே மிஸ்ஃபயர் வேறு. எல்லாம் சேர்ந்ததுதான் இந்த 10. எரிபொருள் குழாய், ரப்பர் விஷயத்தில் நீங்கள் சொல்வது நியாயம். சர்வீஸின்போது கசிவு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்ல வேண்டும்.

மயூர்விஹார்வாசி:

12 நாள் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். காயிலை மாற்றிப் போட்டும் பி0302 அப்படியே வந்தது. பிளக்கைக் கழற்றினால், 0.7 மில்லிமீட்டர் இருக்க வேண்டிய இடைவெளி 1.1 இருந்தது. இரண்டாவது பிளக்கின் வெள்ளைப் பீங்கானில் மயிரிழை போல ஒரு கறுப்புக் கோடு. விரிசல்! மூன்றையும் மாற்றினோம், ஆயிலும் மாற்றினோம். கூலியோடு 6,400 ரூபாய். நேற்று நான்கு பேரோடு ஏசி போட்டு அதே மேம்பாலம் ஏறினேன், ஒரு வெட்டு இல்லை.

கியர் இறக்கி ஓட்டுவது கைக்கு இன்னும் பழகவில்லை, ஆனால் சத்தம் நின்றுவிட்டது. மைலேஜ் 13. கரோல்பாக் அண்ணாவுக்கும் நொய்டா தம்பிக்கும் எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை.

கரோல்பாக் மெக்கானிக்:

சந்தோஷம் மேடம். அடுத்த ஆயிலை 10,000 வரை இழுக்காமல் 7,000இல் மாற்றிவிடுங்கள், நெரிசலில் ஓடும் வண்டி. பங்கில் பழக்க தோஷத்தில் டீசல் என்று சொல்லிவிடாதீர்கள், வீட்டில் வேறு யார் ஓட்டினாலும் சொல்லி வையுங்கள். தப்பித் தவறி ஊற்றிவிட்டால் சாவியைத் திருப்பவே கூடாது. தள்ளி நிறுத்திவிட்டு டேங்கை வடிக்க வேண்டும்.

மயூர்விஹார்வாசி:

எரிபொருள் மூடியின் உள்பக்கம் அப்பா தமிழிலும் இந்தியிலும் "பெட்ரோல்" என்று எழுதி ஒட்டிவிட்டார் அண்ணா.