எண்ணிட்ட பழைய பிரதிகளை ஸ்கிரிப்ட் மூலம் கிட்டில் ஏற்றுகிறேன்: வரிசையும் திகதியும் குழம்புகின்றன

வல்லைவெளி:

வணக்கம். யாழ்ப்பாணப் பேச்சுவழக்குச் சொற்களை ஒரே எழுத்துக் கோப்பில் தொகுத்து வருகிறேன். ஒரு வரிக்கு ஒரு சொல். அதன் பொருள், எந்த ஊரில் கேட்டது, சொன்னவரின் வயது எல்லாம் அதே வரியில். 2004 இல் தொடங்கியது. முதல் சில வருடங்கள் விண்டோஸ் நோட்பேட்டில், டிஸ்கி (யூனிக்கோடு பரவுமுன் புழங்கிய தமிழ் எழுத்துக் குறியீடு) எழுத்துருவில் எழுதினேன். பிறகு லினக்ஸுக்கு வந்து ஈமாக்ஸ் என்ற எழுத்துத் தொகுப்பியில் எழுதுகிறேன்.

பழைய பிரதிகள் இரண்டு வகையாக இருக்கின்றன. விண்டோஸ் காலத்தவை "சொல்-05-03-2004" என்று நாள், மாதம், வருடம் போட்டவை. ஈமாக்ஸ் காலத்தவை அதுவே எண்ணிட்டு வைத்தவை: கோப்பின் பெயருக்குப் பின்னால் .~1~, .~2~ என்று நூறுக்கும் மேலே போகிறது.

இவை எல்லாவற்றையும் ஒரே கோப்பின் வரலாறாகக் கிட் என்ற பதிப்புக் கட்டுப்பாட்டுக் கருவியில் ஏற்ற விரும்புகிறேன். சொற்களைச் சொல்லித்தந்த பெரியவர்கள் பலர் இன்று இல்லை. அவர்கள் முதலில் சொன்ன பொருள் எது, நான் பிறகு திருத்தியது எது என்று வரிவரியாகப் பார்க்க வேண்டும். அதற்காகத்தான் இவ்வளவும்.

ஸ்கிரிப்ட் எளிமையானது. ஃபார் லூப்பில் ஒவ்வொரு பிரதியையும் எடுத்து, முதன்மைக் கோப்பின்மேல் கொப்பி செய்து, கிட் ஆட், கிட் கமிட் (ஒரு பதிப்பாகப் பதிவது). மேலே செட் மைனஸ் இ (ஒரு கட்டளை பிழையானால் ஸ்கிரிப்டை நிறுத்துவது) போட்டிருக்கிறேன். வரும் சிக்கல்கள்:

1-க்குப் பிறகு 100, 101, 102 என்று போகிறது. 2 எங்கோ பின்னால் வருகிறது.

எல்லாக் கமிட்டுக்கும் இன்றைய திகதிதான் விழுகிறது.

பாதியில் பிழைச்செய்தி போல ஒன்றும் இல்லாமல் நின்றுவிடுகிறது. கடைசி வரி "நத்திங் டு கமிட், வொர்க்கிங் ட்ரீ கிளீன்".

கிட் ஸ்டேட்டஸில் கோப்பின் பெயர் "\340\256\232\340\257\212\340\256\262\340\257\215" என்று வருகிறது. பெயர் கெட்டுவிட்டதா?

இன்னொன்று: .~2~ க்குப் பிறகு நேரே .~38~ தான் இருக்கிறது. இடையில் உள்ளவை தொலைந்துவிட்டனவா?

கட்டளைவரி:

நல்ல வேலை செய்கிறீர்கள், இது சரியாக முடிய வேண்டும். கடைசிக் கேள்வியை முதலில் சொல்லிவிடுகிறேன். ஈமாக்ஸ் இயல்பாகப் பழையதில் 2, புதியதில் 2 வைத்துக்கொண்டு, நடுவில் இருப்பவற்றை நீக்கட்டுமா என்று கேட்கும். எப்போதோ ஒருமுறை ஆம் என்று பதில் போயிருக்கிறது. 3 முதல் 37 வரை அந்த அடைவில் கிடைக்காது. வேறு வட்டிலோ சிடியிலோ நகல் இருக்கிறதா என்று தேடுங்கள், இருந்தால் ஏற்றும் முன்பே சேர்த்துவிடுங்கள். கிட்டில் நடுவே கமிட் செருகினால் அதற்குப் பின்னுள்ள எல்லாக் கமிட்டின் அடையாள எண்ணும் மாறும். அது பெரிய தலைவலி.

பெயர் கெடவில்லை. தமிழின் யூனிக்கோடு குறியீடு ஒவ்வொன்றும் யூடிஎஃப்-8 இல் 3 பைட். கிட் அந்த பைட்களை எட்டடிமான எண்ணாகக் காட்டுகிறது, அவ்வளவுதான். கிட் கான்ஃபிக்கில் கோர்.கோட்பாத் என்பதை ஃபால்ஸ் ஆக்கினால் "சொல்" என்றே தெரியும்.

வரிசை: ஷெல் பெயர்களை எழுத்தாகத்தான் ஒப்பிடும், எண்ணாகப் பார்க்காது. பட்டியலை சார்ட் கட்டளைக்கு அனுப்பி, அதில் பெரிய வி விருப்பம் கொடுங்கள். 1, 2, 38 என்று ஒழுங்காக வரும். விண்டோஸ் காலத்துப் பெயர்களுக்கு அது போதாது, ஏனென்றால் நாள் முதலில் நிற்கிறது. 05-03-2004 ஐ 2004-03-05 என்று திருப்பி, அதை வைத்து வரிசைப்படுத்துங்கள். இரண்டு வகையையும் ஒரே லூப்பில் போட வேண்டாம். முதலில் ஒரு பட்டியல் கோப்பு தயாரியுங்கள்: வரிசை எண், மூலப்பெயர், திகதி. அதைக் கண்ணால் ஒருமுறை முழுக்கப் படித்துப் பார்த்த பிறகு, அந்தப் பட்டியலை மட்டும் படிக்கும் ஸ்கிரிப்ட் எழுதுங்கள். இந்த ஒரு விஷயத்தை மட்டுமாவது தவறாமல் செய்யுங்கள். வரிசை தப்பினால், சேர்த்த சொல் நீக்கியதாகவும் நீக்கிய சொல் சேர்த்ததாகவும் வரலாறு காட்டும், கிட் எந்த எச்சரிக்கையும் தராது.

பாதியில் நிற்பது: அடுத்தடுத்த இரண்டு பிரதிகள் ஒரே உள்ளடக்கமாக இருந்தால் கமிட் செய்ய ஒன்றும் இல்லை. கிட் கமிட் 1 என்ற வெளியேற்றக் குறியுடன் முடியும், செட் மைனஸ் இ அதைப் பிழையாக எடுத்து ஸ்கிரிப்டை நிறுத்தும். செட் மைனஸ் இ-யை எடுத்துவிடாதீர்கள், உண்மையான பிழையைப் பிடிப்பது அதுதான். கிட் ஆட் முடிந்ததும் கிட் டிஃப் கட்டளையை கேஷ்ட், குவயட் என்ற இரண்டு விருப்பங்களோடு ஓட்டுங்கள். அது மாற்றம் உண்டு என்றால் மட்டும் கமிட் செய்யட்டும். ஒன்றாக இருந்தவற்றின் பெயர்களைத் தனிப் பதிவுக் கோப்பில் எழுதி வையுங்கள்.

திகதி: கமிட்டுக்கு டேட் விருப்பம் கொடுத்தால் எழுதியவர் திகதி மட்டும்தான் மாறும். கமிட் செய்த திகதி இன்றையதாகவே நிற்கும். கிட் லாகில் சின்ஸ், அன்டில் போட்டுத் தேடும்போது கிட் பார்ப்பது அந்த இரண்டாவது திகதியை. ஆகவே கிட்_ஆத்தர்_டேட், கிட்_கமிட்டர்_டேட் இரண்டு சூழல் மாறிகளையும் ஒவ்வொரு கமிட்டுக்கும் முன்னால் வையுங்கள். கோப்பின் கடைசித் திருத்த நேரத்தை ஸ்டாட் கட்டளை யூனிக்ஸ் விநாடிகளில் தரும். அதோடு +0530 சேர்த்தால் கிட் அப்படியே ஏற்றுக்கொள்ளும். 2005 இல் தான் கிட் வந்தது என்பதால் 2004 திகதியை மறுக்குமோ என்ற பயம் வேண்டாம், மறுக்காது.

பழைய_முனையம்:

தம்பி சொன்னதில் ஒரு இடத்தைத் திருத்த வேண்டும். இவர் யாழ்ப்பாணம். 2004 இல் இலங்கை நேரம் +0530 அல்ல. 1996 மே மாதம் 6.30 ஆக்கினார்கள், அதே ஆண்டு அக்டோபரில் 6 ஆயிற்று, 2006 ஏப்ரல் நடுவில்தான் மறுபடி 5.30 க்கு வந்தது. எண்ணைக் கையால் போடாமல், டேட் கட்டளைக்கு நேர மண்டலமாக ஏசியா/கொழும்பு கொடுத்தால் அந்தந்தக் காலத்துக்கு உரிய வித்தியாசத்தை அதுவே சொல்லும்.

அதைவிட முக்கியம், அந்தத் திருத்த நேரத்தை நம்பலாமா என்பது. ஈமாக்ஸ் பழைய கோப்பைப் பெயர் மாற்றித்தான் பிரதியாக வைக்கும், இயல்பு அமைப்பு அதுதான். ஆகவே பிரதியின் நேரம் அந்தப் பதிப்பை நீங்கள் கடைசியாகச் சேமித்த நேரம். மிக நல்ல சான்று. ஆனால் நடுவில் யாராவது பென்டிரைவ் வழியாக வெறும் கொப்பி செய்திருந்தால், கொப்பி செய்த நாள்தான் இருக்கும். எல்.எஸ் போட்டுப் பாருங்கள். எல்லாம் ஒரே நாளாக இருந்தால் மூல வட்டைத் தேடி, நேரம் மாறாதபடி கொப்பி கட்டளையில் சிறிய பி அல்லது ஏ விருப்பத்தோடு எடுங்கள்.

பெயரில் நாள் மட்டும் உள்ளவற்றுக்கு நேரம் தெரியாது. பகல் 12 என்று வைத்து, "நாள் கோப்பின் பெயரிலிருந்து, நேரம் தெரியாது" என்று கமிட் செய்தியிலேயே எழுதுங்கள். ஒவ்வொரு செய்தியிலும் மூலக் கோப்பின் பெயரும் இருக்கட்டும். பின்னால் வாசிக்கிறவர் எது சான்று, எது நம் ஊகம் என்று பிரித்தறிய வேண்டும்.

நாங்கள் ஆர்.சி.எஸ் என்ற பழைய பதிப்புக் கட்டுப்பாட்டுக் கருவி வைத்திருந்த நாளில், பதிப்பைப் பதியும் சி.ஐ கட்டளைக்கே திகதி கொடுக்கலாம். ஆனால் முந்தைய பதிப்பைவிடப் பழைய திகதி கொடுத்தால் அது ஏற்காது. கிட் அப்படித் தடுக்காது, முந்தைய கமிட்டைவிடப் பழைய திகதியையும் வாங்கிக்கொள்ளும். அதனால் உங்கள் பட்டியலில் ஒவ்வொரு திகதியும் முந்தியதைவிடப் பிந்தியதா என்று ஸ்கிரிப்டே சோதித்து, இல்லையென்றால் நிற்கட்டும்.

வல்லைவெளி:

மிக்க நன்றி ஐயா, நன்றி அண்ணா. நேரமெல்லாம் ஒரே நாளாகத்தான் இருந்தது. பழைய மடிக்கணினியின் வட்டை வெளிப்பெட்டியில் போட்டு ஏ விருப்பத்தோடு எடுத்தேன், சரியான நேரங்கள் வந்துவிட்டன. அதில் வேறொரு அடைவில் 20 முதல் 37 வரையும் கிடைத்தன! 3 முதல் 19 வரை இல்லை. பட்டியல் தயாரித்து, வரிசையும் திகதியும் சோதித்து, சோதனைக் களஞ்சியம் ஒன்றில் ஓட்டினேன். முழுக்க ஓடியது.

இப்போது வேறு சிக்கல். கிட் பிளேம் (ஒவ்வொரு வரியும் எந்தக் கமிட்டில் வந்தது என்று காட்டும் கட்டளை) போட்டால் பழைய வரிகள் எல்லாம் ஒரே கமிட்டைக் காட்டுகின்றன. டிஸ்கியிலிருந்து யூனிக்கோடுக்கு மாறிய நாள் அது. அதற்கு முந்திய வரலாறு இருந்தும் பார்க்க முடியவில்லை.

கட்டளைவரி:

கிட் பைட்களைத்தான் ஒப்பிடும். எழுத்தின் குறியீடு மாறினால் எல்லா வரியும் புதியது. ஆனாலும் உள்ளதை உள்ளபடி ஏற்றுவதே நேர்மை என்பது என் கருத்து. மாற்றம் தனிக் கமிட்டாக இருக்கட்டும்.

எழுத்துரு:

இங்கே நான் மாறுபடுகிறேன். இவர் எதற்காக ஏற்றுகிறார் என்று முதல் பதிவிலேயே சொல்லிவிட்டார்: ஒரு சொல்லின் பொருள் எப்போது மாறியது என்று வரிவரியாகப் பார்க்க. மூல பைட்களை அப்படியே ஏற்றினால் அந்த நோக்கமே போய்விடும். மூலக் கோப்புகள் அனைத்தையும் ஒரு டார் பொதியாகக் கட்டி, ஒவ்வொன்றின் ஷா-256 எண்ணையும் (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் கைரேகை போன்ற எண்) எழுதி, தனியாகப் பாதுகாத்து வையுங்கள். உள்ளபடி இருக்க வேண்டியது அங்கே இருக்கும். களஞ்சியத்தில் ஏறுவது முழுக்க யூனிக்கோடாக இருக்கட்டும். கமிட் செய்தியில் "டிஸ்கியிலிருந்து மாற்றியது" என்ற குறிப்பும் மூலத்தின் ஷா எண்ணும் போதும்.

எழுத்துக் குறியீடுகளை மாற்றும் லினக்ஸின் ஐகான்வ் கட்டளைக்கு டிஸ்கி தெரியும், ஜிலிப்சி என்ற அடிப்படை நிரலகத்தோடு வருகிறது. டிஸ்கியில் கொம்பு முன்னால் நிற்கும்: "கொ" என்பது கொம்பு, க, கால் என்ற பார்வை வரிசையில் இருக்கும். யூனிக்கோடில் க முதலில், பிறகு உயிர்க்குறி. ஐகான்வ் இந்த இடமாற்றத்தையும் செய்துவிடும். வெறுமனே எழுத்துக்கு எழுத்து மாற்றும் ஸ்கிரிப்ட் எழுதினால் அது நடக்காது.

அதே படியில் இரண்டு வேலைகள் சேர்த்துச் செய்யுங்கள். நோட்பேட் கோப்புகளில் வரி முடிவு இரண்டு பைட்டாக இருக்கும், லினக்ஸில் ஒன்று. மாற்றாவிட்டால் மறுபடி எல்லா வரியும் புதியதாகத் தெரியும். நோட்பேட்டில் யூடிஎஃப்-8 ஆகச் சேமித்தவை இருந்தால், தொடக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத 3 பைட் அடையாளம் ஒட்டிக்கொண்டிருக்கும், அதையும் நீக்குங்கள்.

வல்லைவெளி:

செய்தேன், பிளேம் இப்போது 2004 வரை போகிறது! ஆனால் சில வரிகள் மட்டும் இன்னும் பிடிவாதம். டிஃபில் பழைய வரியும் புதிய வரியும் அச்சொட்டாக ஒன்றாக இருக்கின்றன, ஆனாலும் மாறியது என்கிறது. பெரும்பாலும் கொ, கோ வரும் சொற்கள். நடுவில் ஒரு காலம் இணைய மாற்றி ஒன்றைப் பயன்படுத்தினேன்.

எழுத்துரு:

காரணம் அந்த மாற்றிதான். யூனிக்கோடில் "ொ" என்ற குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், கொம்பும் காலுமாக இரண்டு குறியீடாகவும் எழுதலாம். திரையில் ஒன்று, பைட்டில் வேறு. ஹெக்ஸ்டம்ப் போட்டுப் பார்த்தால் பைட்கள் வேறுபடுவது தெரியும். யூனிக்கோடு எண்ணாகச் சொன்னால் ஒன்றில் 0பிசிஏ, மற்றதில் 0பிசி6, 0பிபிஇ. ஐசியூ தொகுப்பில் யூகான்வ் என்ற கட்டளை இருக்கிறது. எல்லாப் பிரதிகளையும் அதன் வழியே என்.எஃப்.சி வடிவத்துக்கு (இப்படிப்பட்ட குறியை ஒரே குறியீடாக எழுதும் வடிவம்) கொண்டுவந்துவிட்டு ஏற்றுங்கள்.

ஒன்று மட்டும் அது திருத்தாது. "கௌ" எழுத வேண்டிய இடத்தில் கொம்பும் ளகரமும் தட்டி "கெள" என்று வைத்திருப்போம். யூனிக்கோடுக்கு அவை வேறு வேறு எழுத்துகள். ஸ்கிரிப்டில் தேடி மாற்ற முனையாதீர்கள். தெளிவு, கெளிறு என்று உண்மையாகவே கொம்பும் ளகரமும் வரும் சொற்கள் இருக்கின்றன, பேச்சுவழக்குத் தொகுப்பில் அவை கெட்டால் பெரிய இழப்பு. அதைக் கையால், இன்றைய பதிப்பில், தனிக் கமிட்டாகச் செய்யுங்கள்.

கட்டளைவரி:

எழுத்துரு சொல்வதுதான் இந்தக் கோப்புக்குச் சரி, ஒப்புக்கொள்கிறேன். ஃபாஸ்ட் இம்போர்ட் என்று ஒரு வேகமான வழி உண்டு என்று யாராவது சொல்வார்கள். இவ்வளவு கோப்புக்கு அது தேவையில்லை. அதில் வழக்கமாகச் செய்தியின் நீளத்தை பைட் கணக்கில் கொடுக்க வேண்டும், தமிழ்ச் செய்தியை எழுத்துக் கணக்கில் எண்ணிக் கொடுத்தால் இறக்குமதி அங்கேயே உடையும்.

வல்லைவெளி:

என்.எஃப்.சி ஆக்கிய பிறகு அந்த வரிகளும் ஒழுங்காகிவிட்டன. ஏற்றிய ஒவ்வொரு பதிப்பையும் திரும்ப எடுத்து, மாற்றிய பிரதியோடு சி.எம்.பி போட்டு ஒப்பிட்டேன், எல்லாம் பொருந்துகின்றன. 3 முதல் 19 வரை இல்லை என்பதை 20 இன் கமிட் செய்தியில் எழுதியிருக்கிறேன். "பறைதல்" என்ற சொல்லுக்கு ஒரு அம்மம்மா முதலில் சொன்ன பொருளை இன்று திரும்ப வாசித்தேன். உங்கள் எல்லோருக்கும் நன்றி.

ஒரு கடைசிக் கேள்வி. களஞ்சியத்தை உருவாக்கி அதற்குள் எழுதத் தொடங்கியதிலிருந்து ஈமாக்ஸ் எண்ணிட்ட பிரதிகளை வைப்பதில்லை. எதையாவது மாற்றிவிட்டேனா?

பழைய_முனையம்:

நீங்கள் ஒன்றும் மாற்றவில்லை. பதிப்புக் கட்டுப்பாட்டில் இருக்கும் கோப்புக்கு ஈமாக்ஸ் இயல்பாகவே பிரதி வைக்காது. கமிட் இருக்கிறதே என்று அது எண்ணிக்கொள்கிறது. நீங்கள் கமிட் செய்யாமல் எழுதிக்கொண்டே போனால் இடைப்பட்டது எங்கும் இருக்காது. விசி-மேக்-பேக்கப்-ஃபைல்ஸ் என்ற ஈமாக்ஸ் மாறியை டி (ஆம் என்ற மதிப்பு) ஆக்குங்கள், பிரதிகள் திரும்ப வரும். அவை களஞ்சியத்துக்குள் நுழையாதபடி, ~ குறியில் முடியும் பெயர்களைக் கிட்இக்னோர் கோப்பில் (கிட் கண்டுகொள்ளக் கூடாத பெயர்களின் பட்டியல்) சேர்த்துவிடுங்கள்.