உடம்பில் மாட்டும் பாவை மேடை முன்னால் சாய்கிறது, அவசர உதவி

கதைசொல்லி_கவி:
வணக்கம். சனிக்கிழமை ஒரு பள்ளியில் கைப்பாவை நிகழ்ச்சி. நான் ஒருத்திதான். பிவிசி குழாயில் சட்டம் செய்து தோளில் மாட்டிக்கொண்டு, வகுப்பு வகுப்பாகப் போகலாம் என்று திட்டம். மாட்டிப் பார்த்தால் பத்து நிமிடத்தில் முன்பக்கம் தொங்கிவிடுகிறது, பின்கழுத்து விண்விண்ணென்று தெறிக்கிறது. மறைப்புக்காக முகத்துக்கு முன்னால் கட்டிய வலைக்குள் என் முகமும் அப்படியே தெரிகிறதாம், தங்கை சொன்னாள். என்ன செய்யலாம்? சீக்கிரம் சொல்லுங்கள்.

குழாய்க்கடை:
எத்தனை இன்ச் குழாய்? மொத்த எடை? பாவை தலைக்கு மேலே ஆடுகிறதா, முகத்துக்கு நேரேயா? இடுப்பில் பிடிமானம் உண்டா? வலை என்ன நிறம்?

மூங்கில்வனம்:
பிவிசியே வேண்டாம் சகோதரி, வெயிலில் வளைந்துகொடுக்கும். ஒல்லி மூங்கில் நான்கு, கட்டுவதற்குச் சைக்கிள் டியூப், போதும். ஆறு வருடமாக அதில்தான் ஆடுகிறேன், ஒருமுறைகூடச் சாய்ந்ததில்லை.

குழாய்க்கடை:
மூங்கிலோ பிவிசியோ, எடை முன்னால் இருந்தால் சாயத்தான் செய்யும். ஒரு கிலோ புளியை நெஞ்சோடு அணைத்துப் பிடிப்பதும் கையை நீட்டிப் பிடிப்பதும் ஒன்றா? முன்னால் என்னென்ன தொங்குகிறது என்று அவர் சொல்லட்டும்.

பழைய_பாவை:
இதே கேள்விக்கு இங்கே பலமுறை எழுதியாகிவிட்டது. தேடிப் படித்துவிட்டுக் கேட்கும் பழக்கம் வர வேண்டும். 17ஆம் நூற்றாண்டில் ரஷ்யா போய்வந்த ஆடம் ஒலேரியஸ் தன் பயண நூலில் சொல்கிறார்: பாவைக்காரர் உடம்பைச் சுற்றி ஒரு போர்வையைக் கட்டி, அதையே தலைக்கு மேல் தூக்கி விரித்துக்கொள்வார். மேடை அவ்வளவுதான். இதையெல்லாம் தெரிந்துகொண்டு குழாயை அறுத்திருக்கலாம்.

சுமைதாங்கி:
பலகை இல்லாவிட்டால் பாவை சாமானை எங்கே வைக்கும் ஐயா? சீனாவில் தனியாளாக ஆடும் கைப்பாவைக்காரர்கள் மேடையைத் தோள்கம்பில் தூக்கிப் போவார்கள். ஆடும்போது அந்தக் கம்பையே முட்டுக்கொடுத்து மேடையை நிறுத்திவிட்டு, துணிக்குள் உட்கார்ந்துகொள்வார்கள். நடக்கும்போது மட்டும்தான் தோளில் சுமை. நீங்களும் முன்பக்கம் ஒரு மடக்குக் கால் வையுங்கள் அக்கா.

நூல்_பொம்மை:
முகம் தெரிந்தால்தான் என்ன? கேரளத்துக் கைப்பாவை ஆட்டமான பாவைக்கதகளியில் கலைஞர்கள் பார்வையாளர் கண்ணெதிரேதான் உட்கார்ந்து ஆட்டுகிறார்கள். ஒடிசாவில் ஒரு கையில் பாவை, மறு கையில் டோலக்.

பழைய_பாவை:
அது அந்த மரபு. மேடை கட்டி மறைந்துகொண்டு ஆடுவது வேறு மரபு. மறைப்பில் முகம் தெரிந்தால் பாவைக்கு உயிர் போய்விடும். அடிப்படை கூடத் தெரியாமல் குழப்பாதீர்கள்.

நூல்_பொம்மை:
உயிர் போகிறது என்று எந்தக் குழந்தை சொன்னது? நான் முகம் காட்டித்தான் ஆடுகிறேன். முதலில் என்னைத்தான் பார்ப்பார்கள். நான் பாவையைப் பார்க்கத் தொடங்கியதும் அவர்கள் கண்ணும் அங்கே போய்விடும்.

மூங்கில்வனம்:
ரெண்டு பேரும் தனி இழை தொடங்குங்கள். அவருக்குச் சனிக்கிழமை நிகழ்ச்சி.

கதைசொல்லி_கவி:
மன்னிக்கவும், இப்போதுதான் பார்த்தேன். முக்கால் இன்ச் குழாய். முன்னால் 12 மி.மீ. பிளைவுட், இரண்டடி நீளம். ஸ்பீக்கரும் அதிலேயே தொங்குகிறது. வலை வெள்ளை, பழைய கொசுவலை. பாவை முகத்துக்கு நேரே. இடுப்பில் ஒன்றும் இல்லை, முதுகுப்பக்கம் திறந்திருக்கிறது.

குழாய்க்கடை:
அப்போ விஷயம் தெரிந்துவிட்டது. ஸ்பீக்கரைக் கழற்றி முதுகுப்பக்கம் கட்டுங்கள், அதுவே எதிர்எடை. பிளைவுட்டுக்குப் பதில் சன்போர்டு, லேசான நுரைப்பலகை. மலையேற்றப் பை ஒன்று கிடைத்தால் அதன் இடுப்புப் பட்டையோடு சட்டத்தைப் பிணைத்துவிடுங்கள். பட்டை இடுப்பெலும்பின் மேல் இறுக உட்கார வேண்டும், அப்போதுதான் தோள் தப்பிக்கும். வலை கறுப்பாக இருக்கட்டும். ஆனால் வலையை மாற்றினால் மட்டும் போதாது. உள்ளே இருட்டாக இருந்தால்தான் வலை மறைக்கும். முதுகுப்பக்கம் கறுப்புத் துணி விடுங்கள், சட்டையும் கறுப்பு. ஜன்னல் உங்களுக்கு எதிரே இருக்கும்படி நில்லுங்கள்.

சுமைதாங்கி:
துணி மூடினால் உள்ளே வெந்துவிடும் அக்கா. மேலே கொஞ்சம் திறப்பு விடுங்கள்.

கதைசொல்லி_கவி:
முடிந்தது. பட்டையும் ஸ்பீக்கரும் மாற்றியதும் 25 நிமிடம் நின்றேன், கழுத்து வலி இல்லை. மூன்றாம் வகுப்பில் மட்டும் மூக்குக்கண்ணாடி மின்னியது. முன்வரிசைப் பையன் ஒருவன் எழுந்து வந்து வலையில் மூக்கை ஒட்டி உள்ளே பார்த்தான். பாவையை அவன் தலையில் தட்டவிட்டேன், சிரித்துக்கொண்டு போய் உட்கார்ந்தான். எல்லோருக்கும் நன்றி.

சுமைதாங்கி:
மடக்குக் கால் வைத்தீர்களா அக்கா?

மூங்கில்வனம்:
போட்டோ போடுங்கள்.