காப்பீட்டு நிறுவனம் தாய் மாநிலத்தை மாற்றிக்கொண்டால் பாலிசி என்னவாகும்?

கேள்வி: கானாடுகாத்தான் வாசகர்

ஒஹையோ மாநிலத்தில் வசிக்கும் என் மகள் எடுத்துள்ள ஆயுள் காப்பீட்டுப் பாலிசியின் நகல் எங்கள் வளவு அறைப் பெட்டியில் இருக்கிறது. தங்கள் தாய் மாநிலத்தை, அதாவது நிறுவனம் சட்டப்படி பதிவாகியிருக்கும் மாநிலத்தை, இலினாயிலிருந்து அயோவாவுக்கு மாற்றிக்கொள்வதாகவும், பாலிசிதாரர் எதுவும் செய்ய வேண்டியதில்லை என்றும் அந்த நிறுவனம் இரண்டே பத்தியில் கடிதம் அனுப்பியிருக்கிறது. மகள் அதை வாட்ஸ்அப்பில் அனுப்பியதிலிருந்து எனக்கு மனம் ஒரு நிலையில் இல்லை. பாலிசி செல்லுமா? நிறுவனம் நொடித்துப்போனால் யாரிடம் போவது?

பதில் 1: காரைக்குடி வழக்கறிஞர்

ஐயா, பாலிசி செல்லும். நிறுவனம் கலைக்கப்படவில்லை, சட்டத்தின் பார்வையில் அதே நிறுவனம்தான் தொடர்கிறது. இத்தகைய மாற்றத்தை அனுமதிக்கும் மாநிலச் சட்டங்கள், நடப்பிலுள்ள பாலிசிகளும் உரிமங்களும் முகவர் நியமனங்களும் அப்படியே நீடிக்கும் என்றே பொதுவாகச் சொல்கின்றன.

நம் நாட்டில் பதிவு அலுவலகத்தை வேறு மாநிலத்துக்கு மாற்ற, 2013ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்தின் 13ஆம் பிரிவின்படி மத்திய அரசின் ஒப்புதல் வேண்டும். ஆனால் எங்கு மாறினாலும் காப்பீட்டைக் கண்காணிப்பது ஹைதராபாத்தில் உள்ள இந்தியக் காப்பீட்டு ஒழுங்குமுறை மற்றும் மேம்பாட்டு ஆணையம் (ஐ.ஆர்.டி.ஏ.ஐ.) தான். அமெரிக்காவிலோ, 1945ஆம் ஆண்டின் மெக்கரன்-ஃபெர்குசன் சட்டம் காப்பீட்டு ஒழுங்குமுறையை மாநிலங்களிடமே விட்டிருப்பதால், நிறுவனத்தின் கையிருப்பையும் முதலீட்டையும் முதன்மையாகக் கண்காணிக்கும் அதிகாரி இனி அயோவாவின் காப்பீட்டு ஆணையர். நொடித்தால், சொத்துகளை விற்றுக் கடன் தீர்க்கும் நடவடிக்கையும் அயோவா நீதிமன்றத்தில், அம்மாநிலச் சட்டப்படி நடக்கும். மாற்றத்தின் எடை முழுவதும் இங்கேதான் இருக்கிறது. ஒஹையோவில் விற்கும் பாலிசிகளுக்கான விதிகளும் புகார் முறையும் ஒஹையோவிடமே இருக்கும்.

பதில் 2: தேவகோட்டை, முன்பு சிகாகோ

அண்ணன் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன்; பிள்ளைகள் ஊர் திரும்பும் எண்ணத்தில் இருக்கும் குடும்பங்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். நொடித்த ஆயுள் காப்பீட்டு நிறுவனத்தின் பாலிசிதாரரை ஒவ்வொரு மாநிலத்திலும் உள்ள உத்தரவாதச் சங்கம் காக்கிறது. இறப்புப் பலனுக்குப் பல மாநிலங்களில் உச்சவரம்பு 3,00,000 டாலர். எந்தச் சங்கம் என்பதைப் பாலிசிதாரர் வசிக்கும் மாநிலமே முடிவு செய்கிறது. ஆகவே மகள் ஒஹையோவில் இருக்கும்வரை இந்த மாற்றம் அவரைத் தொடாது.

ஆனால் பல மாநிலங்கள் பின்பற்றும் மாதிரிச் சட்டப்படி, வெளிநாட்டில் வசிக்கும் அமெரிக்கக் குடிமகன், நிறுவனத்தின் தாய் மாநிலத்தில் வசிப்பவராகக் கருதப்படுகிறார். மகள் குடியுரிமை பெற்றபின் காரைக்குடிக்கு வந்துவிட்டால், அவரைக் காக்கும் சங்கம் இலினாயினுடையதாக இல்லாமல் அயோவாவினுடையதாக இருக்கும். குடியுரிமை பெறாமல் பச்சை அட்டையோடு (கிரீன் கார்டு) திரும்புவோருக்கு இந்த விதி பொருந்தாது. கடிதத்தைத் தேதியோடு பாலிசியுடன் சேர்த்துப் பத்திரப்படுத்துங்கள்.

கேள்வி கேட்டவர்

நன்றி, தம்பி. மகளிடம் இன்று இரவே பேசினேன். அவள் கையில் இருப்பது பச்சை அட்டைதான், இரண்டு ஆண்டுகளில் திரும்பும் எண்ணமும் இருக்கிறது. கடிதத்தை அச்செடுத்துப் பாலிசி நகலோடு நூல் கட்டி வைத்துவிட்டேன். ஊர் திரும்புமுன் ஒஹையோ காப்பீட்டுத் துறையிடம் எழுத்தில் கேட்டு விளக்கம் வாங்கச் சொல்லியிருக்கிறேன்.