கால்வாய் வருகிறது என்பதைச் செயலி எப்படிச் சொல்வது?

பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்

குழுவினருக்கு வணக்கம்.

பார்வையற்றோர் கைப்பேசியை நெஞ்சில் தொங்கவிட்டு நடக்கும்போது எதிரே இருப்பதைக் கேமரா வழியாகக் கண்டு சொல்லும் செயலி ஒன்று தமிழாகிறது. ஆப்ஸ்டகிள் டிடெக்‌ஷனுக்குத் ‘தடையுணர்தல்’ என்று ஏற்கெனவே எழுதிவிட்டோம், அதில் சண்டையில்லை. இடிப்பது நெகடிவ் ஆப்ஸ்டகிள். மூடி தொலைந்த கால்வாய், இறங்கு படி, ரயில் மேடை விளிம்பு எதுவும் வழியை மறிப்பதில்லை. காலடியில் தரைதான் இல்லாமல் போகிறது. ‘எதிர்மறைத் தடை’ என்று பெயர்த்தால், தடை ஒன்றுமில்லை என்றுதான் காதில் விழும்.

‘குழியுணர்தல்’ என்று வைத்துக்கொள்ளலாமா? எச்சரிக்கைக் குரலில் ‘குழி’, மற்ற எல்லாவற்றுக்கும் ‘தடை’.

ஜார்ஜ் டவுன், பினாங்கு

தம்பி, ‘குழி’ வேண்டாம். அச்சில் படிக்கிற சொல்லுக்கும் நடக்கிறவர் காதில் விழுகிற சொல்லுக்கும் ஒரே அளவுகோல் போடக்கூடாது. திரைவாசிப்பியைப் பழகியவர்கள் குரலை வேகமாக்கித்தான் கேட்பார்கள். அந்த வேகத்தில் ழகரமும் ளகரமும் ஒன்றாகிவிடும். சாலையில் நிற்கிறவருக்குச் செயலி ‘குளி’ என்று கட்டளையிடும்.

பொருளும் பொருந்தவில்லை. குழி என்றால் தோண்டியது, சுற்றிலும் கரை உள்ளது. இங்கே அஞ்சடியில், அதாவது கடைவீட்டு வரிசைக்கு முன்னால் கூரையோடு ஓடும் நடைபாதையில், ஒரு கடைவீட்டுத் தரைக்கும் அடுத்ததற்கும் இடையே ஒரு படி உயரம் ஏறும், அல்லது இறங்கும். அதைக் குழி என்று யார் சொல்வார்? கையைப் பிடித்து அழைத்துப் போகிறவர் “பள்ளம், பாத்து” என்பார். கால்வாய், படி, மேடை விளிம்பு மூன்றையும் ‘பள்ளம்’ தாங்கும். மேடுபள்ளம் என்று சோடியாகவே மொழியில் கிடக்கிறது, புதிதாக எதையும் அடித்து உருவாக்க வேண்டியதில்லை.

சொல்லின் நீளத்துக்குக் கணக்கு இருக்கிறது. கேமரா தரையிலிருந்து 1.2 மீட்டர் உயரத்தில், கால்வாயின் அகலம் 45 செ.மீ. என்று வையுங்கள். 4 மீட்டர் தள்ளி நின்றால், கிட்டத்து விளிம்பை உரசிப் போகும் பார்வைக்கோடு எதிர்ச்சுவரில் 13 செ.மீ. ஆழத்தைத்தான் தொடும். அது நிழலா பள்ளமா என்று பிரிப்பது கடினம். 20 செ.மீ. தெரிந்தால்தான் எச்சரிப்பது என்று வரம்பு வைத்தால், 2.7 மீட்டருக்குள் வந்தாக வேண்டும். நொடிக்கு 1 மீட்டர் நடப்பவருக்கு மிச்சம் 2.7 நொடி. அடுத்தடுத்த படச்சட்டங்களில் சரிபார்க்க அரை நொடியும் கேட்டு நிற்க ஒன்றரை நொடியும் கழித்தால், பேச முக்கால் நொடிக்குக் குறைவு. ‘எதிர்மறைத் தடை’ சொல்லி முடிக்கும்போது கால் உள்ளே இருக்கும்.

‘குழி’யைப் போலவே காதில் மாறி விழும் என்பதால் ‘தடை’யும் எச்சரிக்கைக்கு ஆகாது. லோரி இரைச்சலில் முதல் எழுத்து தொலைந்துபோகலாம். ‘தடை’க்கும் ‘நடை’க்கும் அந்த ஓர் எழுத்துத்தான் வேறுபாடு, பொருளோ நேர் எதிர். கலைச்சொல்லாகத் தடையுணர்தல் இருக்கட்டும். குரலில் பொருளின் பெயரே வரட்டும்: தூண், மோட்டார், ஆள்.

பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்

ஐயா, ‘தடை–நடை’ தோன்றவே இல்லை. மாற்றிவிடுகிறேன். கலைச்சொல் ‘பள்ளமுணர்தல்’, குரல் ‘பள்ளம்’. ‘வெள்ளம்’ போல ஒலிக்குமே என்று ஒருவர் தனியாகக் கேட்டார். செயலி வெள்ளத்தைச் சொல்லப்போவதில்லை. இந்த ஊரில் மாலை மழைக்கு அதையும் சேர்த்திருக்கலாம் என்பது வேறு.

அடுத்த சிக்கல் தூரம். ‘அஞ்சடியில் பள்ளம்’ என்றால் ஐந்தடி தள்ளியா, கடை வாசல் அஞ்சடியிலேயா? அடியை விட்டு ‘எட்டு’க்குப் போனால் அது எண்ணாகிறது. ‘ரெண்டு எட்டு’ என்பதை இருபத்தெட்டு என்று எடுத்துக்கொள்ளவும் இடமுண்டு. மீட்டர் தெளிவு, ஆனால் அந்த முக்கால் நொடியைத் தின்கிறது. எனவே தூரத்தைப் பேச்சிலிருந்தே எடுத்துவிடலாம்: நெருங்க நெருங்க அதிர்வு அடுக்கிக்கொண்டு வரட்டும், குரல் ஒரு சொல்லோடு நிற்கட்டும்.

உதவிப் பக்கத்தில் சேர்க்க வேண்டியவை: 40 கிலோஹெர்ட்ஸ் மீயொலி உணரியை நேராக நீட்டினால் அது பள்ளத்தைக் காணாது. எதிரொலி திரும்பாததால் வழி திறந்திருக்கிறது என்றே எண்ணும். 2020-இல் ஐபோன் 12 ப்ரோவில் வந்த லைடார் (லேசர் ஒளியை அனுப்பித் தூரம் அளக்கும் உணரி) சுமார் 5 மீட்டர் வரை அளக்கும், ஆனால் மழைக்குப் பின் தேங்கிய நீர் ஒளியைக் கண்ணாடி போல வேறு திசைக்கு அனுப்புவதால் நல்ல தரையிலும் ‘பள்ளம்’ என்று கத்தும். இதற்கு ‘பொய்ப்பள்ளம்’ என்று வைத்திருக்கிறேன், ஆட்சேபம் உண்டா?

ஜார்ஜ் டவுன், பினாங்கு

பொய்ப்பள்ளம் நன்றாக இருக்கிறது. அதை உணர்திறனைக் குறைத்துச் சரிசெய்யாதீர்கள், உண்மைப் பள்ளமும் சேர்ந்து தப்பும். நீர்ப்பரப்பு என்று சந்தேகம் வந்தால் சொல்லில்லாமல் ஒரே ஓர் அதிர்வு போதும், கோலால் தட்டிப் பார்த்துக்கொள்வார்கள். பள்ளத்தைக் கண்டுபிடிப்பதில் வெண்கோலுக்கு இணை இன்னும் இல்லை என்பதையும் அங்கேயே எழுதுங்கள், செயலி அதற்கு முன்னறிவிப்பு மட்டும்தான்.

கோலுக்கு எட்டாதது இடுப்புக்கு மேலே: லோரியின் பக்கக் கண்ணாடி, தாழ்ந்த கிளை, கடைப்பலகை. கேமரா உண்மையில் உதவுவது அங்கேதான், அதற்கு இன்னும் சொல்லே வைக்கவில்லை. ‘மேல்தடை’ என்று பட்டியலில் எழுதுங்கள். குரலுக்குத் ‘தலை’. குனிய வேண்டிய இடத்தில் ஊரே அப்படித்தான் கத்துகிறது.